ஓடையை மூடிக் கட்டிய லயம்

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் மூச்சு வாங்க ஏறினால் எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவு, மேல்கணக்கு. மேலே மாரியம்மன் கோயில், நடுவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயம்; கீழே மயானம். "பொறக்கிறது நடுவுல, போறது கீழ. வேற எங்கயும் அலைய வேணாம்" என்று அப்பா கிண்டலடிப்பார்.

ஊரின் சரித்திரமும் அவர் வாயில்தான் இருந்தது. "இந்த எடத்துல ஓடைதான் ஓடுச்சு. வெள்ளைக்காரத் தொரை அத அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பள்ளத்த மூடி லயத்தக் கட்டுனான்." சொல்லிவிட்டு நிம்மதியாக வெற்றிலை மெல்லுவார். நான் தரையில் காதை வைத்துக் கேட்பேன். திருப்பிவிட்ட தண்ணீர் திரும்பி வராது என்று யார் கண்டது?

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழையில் லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவுக்குப் பின்னால் தரை வெடித்தது. விரல் நுழையும் அளவுதான். நான் அப்போது பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். வெளியே மழை இறங்கினால் போதும், சேலை மடிக்கக் கை ஓடாது. வீட்டுக்குப் போனபோது வெடிப்பின் இரு பக்கமும் குச்சி நட்டுவிட்டு வந்தேன். இடைவெளி கூடினால் தெரிந்துவிடும் அல்லவா?

தைப்பொங்கலுக்கு லீவில் போகிறேன், அம்மா கொல்லையில் குந்தியிருக்கிறாள். குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெடிப்புக்குள் களிமண்ணைத் திணித்து, மேலே சாணி பூசிக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் லயம் முழுக்கப் பூசி மெழுகுவது எங்கள் வழக்கம். அதற்காக இதையுமா!

"ஏம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? விரியுதான்னு பாக்கத்தானே குச்சி நட்டேன்!"

"நல்ல நாளும் அதுவுமா கத்தாத. நாலு பேரு வர்ற எடம்."

"அந்த நாலு பேரும் நம்மள மண்ணுக்குள்ள தேடணுமா?"

"வாயக் கழுவுடா!" என்றாள். பிறகு கை நின்றது. "சரி, விரியுதுன்னு பாத்துட்ட. பாத்துட்டு எங்க போறது? தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டாச்சு, வேற காம்பரா இல்லைங்கிறாரு. நமக்குன்னு ஒரு சாண் மண்ணு எங்கடா இருக்கு?"

அவள் எறிந்த குச்சிகளைப் பொறுக்கினேன்.

"தெறந்து கெடந்தா கண்ணு அங்கயே போகுது. மூடுனாத்தான் தூக்கம் வருது" என்றாள்.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனுஷன், வாளியை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் களிமண் அள்ளிவரப் போனார்.