கிடங்கு மூக்கர்

ரசாயனக் கிடங்கில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை, மூக்கர்தான். எந்தப் பீப்பாய் கசிந்தாலும் வாசலில் நின்றபடியே, "அமோனியா, பின்வரிசை" என்று சொல்லிவிடுவார். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டுமென்று யாராவது கேட்டால் முதலாளி சிரிப்பார். "நம்ம மூக்கர் இருக்கும்போது மெஷின் எதுக்குய்யா? தண்டச் செலவு." கஞ்சனுக்கு வாய்த்த யோகம், வேறென்ன. மூக்கருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் பால் கெட்டதா என்று பார்த்துச் சொல்வதுகூட அவர்தான்.

முகமூடி இல்லாமல் வருஷக்கணக்காக அந்தக் காற்றை இழுத்த மூக்கு எவ்வளவுதான் தாங்கும்? முதலில் டீயின் மணம் போனது. அப்புறம் சோப்பு, மழை. கடைசியில் அமோனியாவே போயிற்று. கண் எரிச்சல்தான் மிச்சம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமென்று கமுக்கமாக இருந்துவிட்டார். பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பார். அவன் மூக்கைச் சுளித்தால், "கசியுது, எல்லாரும் வெளிய போங்க" என்பார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாவி மனுஷன், கட்டிய மனைவியிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்று காலை அவளுக்குக் கடுமையான சளி. ஜன்னல் சாத்திய சமையலறையில் லைட்டரைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. டியூப் வேற பழசாயிடுச்சு. கேஸ் வாசம் வருதா பாருங்க."

அவர் வந்தார். பழக்கதோஷம், அவள் முகத்தைத்தான் பார்த்தார். அதில் ஒரு சுளிப்பும் இல்லை. அவளுக்கு மூக்கு அடைத்திருப்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணுமில்ல, பத்த வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கூடத்தைத் தாண்டுவதற்குள் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் அவள் முகம் முழுக்கக் கட்டு. மூக்குத் துளைக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பார்க்க வந்த அவளுடைய அண்ணன் தாங்க முடியாமல் கேட்டார்: "மாப்ள, உங்களுக்குக்கூடவா தெரியல?"

அவள் முந்திக்கொண்டாள். "அவரைக் கேக்காதண்ணா. அவர் பாத்தப்போ வாசமே இல்ல. அப்புறம்தான் கசிஞ்சிருக்கும். அவர் மூக்கு தப்பாது."

மூக்கர் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அண்ணன் போன பிறகு அவர் பக்கமாக மெல்லத் திரும்பினாள்.

"சளி விட்டுடுச்சு. இங்க மருந்து நாத்தம் ரொம்ப அடிக்குது, இல்லீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டுதான் தெரிந்தது.

"ஆமா" என்றார். "ரொம்ப."