படத்துக்கு வந்த காக்கைகள்

என்னைக் கண்டதும் என் தங்கை கேட்கும் முதல் கேள்வி, "அங்க வந்துச்சா?" என்பதுதான். சுகமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரை அவளே தேடிக்கொண்டாள் என்று அப்பாவுக்கு ஆத்திரம். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. பேசாமலே செத்தும் போனார். சேதி கேட்டுக் கைக்குழந்தையோடு அவள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதோடு மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டாள். ஒவ்வோர் அமாவாசையும் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் படகேறி எர்ணாகுளம் போய், கலூரில் பஸ் மாறி, ஆற்றங்கரையிலிருந்த தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்குப் போய் அவளைப் பார்த்துவருவேன். எழுபதுகளின் கடைசி அது.

அமாவாசை விரதமும் படையலும் மகன் வேலை. ஆனால் சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை யார் தடுக்க முடியும்? அவள் பின்பக்கத்து மதிலில் இலைத்துண்டில் சோற்றை வைத்து, அப்பாவை நினைத்துக்கொண்டு நிற்பாள். காக்கை வராது. மட்டாஞ்சேரியிலோ மீனும் அரிசியும் சிந்திக் கிடக்கிற கடைத்தெரு, காக்கைக்கா பஞ்சம்? இலையை வைப்பதற்குள் விரலைக் கொத்திவிடும். "அப்பாவுக்கு அகோரப் பசி," என்று ஒருமுறை அவளிடம் விளையாட்டாகச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உங்க வீட்டுக்கு மட்டும் வாராரு," என்றாள். பிறகு அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

ஒருநாள் நானும் அவளோடு நின்று பார்த்தேன். நல்ல மதியம். காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. தூரத்தில் ஆலையின் உறுமல் மட்டும் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது. குரோட்டன்ஸ் இலைகளில் மாவு படிந்ததுபோல் வெள்ளைத் தூசி. காற்றில் தீக்குச்சி எரிந்து அணைந்த வாடை. அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரமும் ஆயிற்று. சோறு காய்ந்து பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. அவள் இருபுறமும் பார்த்துவிட்டு இலையை எடுத்துக்கொண்டுபோய், முருங்கைமரத்துக்குப் பின்னால் இருந்த குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். காக்கை தீண்டாத சோறு என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரிகள் என்ன நினைப்பார்கள் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் படம் வந்தது. ஆற்றுத் தண்ணீர் கெடுகிறது என்று பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல நிர்வாகம் ஒரு டாகுமெண்டரி எடுத்தது. தமிழ்த் தொழிலாளிகள் நிறைய இருந்ததால் தமிழிலும் ஒன்று வேண்டுமாம். தமிழ்ச் சங்க நாடகங்களில் ராஜா வேஷம் கட்டும் என் குரலைப் பற்றித் தங்கையின் மாப்பிள்ளை மேனேஜரிடம் அளந்துவிட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சத்தம் பதிகிற ஆள் மெட்ராஸ்காரர். எதிரொலி இல்லாத இடம் வேண்டும் என்றார். நான் வேலை பார்த்த சுக்குக் கிட்டங்கியைக் காட்டினேன். கூரைவரை சாக்குமூட்டை. உள்ளே கை தட்டினால் சத்தம் கையைவிட்டு நகராது. வாயைத் திறந்து பேசினால் பேச்சு எங்கே போயிற்று என்றே தெரியாது. பத்து வருடம் அங்கே வேலை பார்த்தவன், அன்றைக்குத்தான் அந்த அமைதியைக் கண்டு பயந்தேன். "ஆலையும் ஆறும் அண்ணன் தம்பியாய் வாழும் ஊர் இது. பறவைகளின் பாட்டோடு இங்கே பொழுது விடிகிறது." சுக்குத்தூசியில் இருமி இருமி, இதை ஐந்து தடவை படித்தேன்.

முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார். "பறவைன்னு நீங்க படிச்சிட்டீங்க சார். அங்க ஒரு மணி நேரம் மைக்க வெச்சிருந்தேன். மிஷின் சத்தம்தான் இருக்கு. ஒரு காக்காகூடக் கத்தல."

அதற்கென்ன, இங்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மைக்கை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். சாயாக்கடையிலிருந்து பழம்பொரி வாங்கிவந்து, பிய்த்து வீசி, கா கா என்று நானே கூவினேன். வானமே கறுத்து இறங்கியது. மூட்டை தூக்குகிற ஒருவர், "இன்னு ஆருடெ பலியா, சேட்டா?" என்று சிரித்தார். இன்று யாருக்குத் திதி என்று கேட்கிறார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தங்கையின் இலையும் நினைவுக்கு வரவில்லை. என் குரல் திரையில் எப்படிக் கேட்கும் என்ற ஒரே நினைப்பு.

அடுத்த மாதம் கேண்டீன் ஹாலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத்துணி கட்டி, பட்டப்பகலில் படத்தைப் போட்டார்கள். நான் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை. திரையில் அவர்கள் குவார்ட்டர்ஸ், அவர்கள் கொடியில் காய்கிற துணி, அந்தப் பின்பக்கத்து மதில். பறவைகளின் பாட்டோடு என்று என் குரல் சொல்லி முடித்ததும் காக்கைகள் கத்தின.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். திரையை அல்ல, ஆஸ்பெஸ்டாஸ் கூரையை. பிள்ளை கேட்டான்:

"அம்மா, அது என்ன சத்தம்?"

குவார்ட்டர்ஸை விட்டு அதிகம் வெளியே போகாத பிள்ளைதான். இருந்தாலும் மூன்று வயதில் காக்கைச் சத்தம் தெரியாத பிள்ளை உண்டா? காக்கை இல்லையே என்று யாரும் தேடுவதில்லை. சோறு வைத்துக் காத்திருப்பவள்தான் தேடுவாள். அவளோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "படத்துக்கு வந்திருக்குண்ணே. என் இலைக்குத்தான் வரல," என்று அழுதாள். திரையில் என் குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது. அது யாரோ ஒருத்தன் குரலாகப் பட்டது. எழுந்துபோய் அவன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

அந்த மாதமே அவள் பிள்ளையோடு மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வேலையை விடவில்லை, விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருமிக்கொண்டே வருவார்.

அன்று படம் முடிந்ததும் அவள் வீட்டுப் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டங்கி, பழம்பொரி, நான் கூவியது, எதையும் மறைக்கவில்லை. இரண்டு தடவை சொல்லவைத்தாள்.

"அப்ப அப்பாவுக்கு என்மேல கோவம் இல்லையா?"

"இருந்தாலும் அதக் காட்ட இங்க ஒரு காக்கா இல்லம்மா."

சிரித்தாள். கல்யாணத்துக்கு முந்தி கேட்ட சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தை அவளால் அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. தன் மாமியாருக்கு ஒரு வருடமாக வைப்பதாகவும், கடைசிக் காலத்தில் கவனிக்காத கோபம் என்று நினைத்ததாகவும் மெல்லச் சொன்னாள். சோற்றை என்ன செய்தாய் என்று கேட்டேன். முருங்கைமரத்தைக் காட்டினாள். அதற்குள் அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்து நின்றாள். அவளும் அந்த மரத்தையே பார்த்தாள்.

மதிலோரத்து ஆற்றுத்தண்ணீர்க் குழாயில் பிள்ளை இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான். தங்கை அவனைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடி மறுபடி துடைத்தாள்.

"இதுக்கு அப்பா கோவமாவே இருந்திருக்கலாம்ணே," என்றாள்.