ஏழு நீலம், ஒரு வெள்ளை

கண் தெரியாத என் மனைவிக்கு நான் வேண்டுமென்றே தப்பாக வாசித்துக் காட்டினேன். ஒரு தடவை அல்ல, ஒரு வாரம் முழுக்க, தினமும் சாயங்காலம். தப்பு அவளுடையது என்று அவள் நம்பிக்கொண்டிருக்க, பதின்மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டே போனால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிடும்.

முதல் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் கன்டோன்மென்டை அப்போது நாங்கள் தண்டு என்போம். அங்கே எங்கள் தமிழ்ச் சபையின் கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டு வரிசை ஒன்றில் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவனும் நான்தான். என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று போகும். எங்களுக்குக் குழந்தை இல்லை.

சபைப் பெண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. பாதிரியாரின் மனைவியை ஐயரம்மா என்று கூப்பிடுவோம். அவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆளுக்கொரு காகிதப் பொட்டலம் கொடுப்பார். எல்லாப் பொட்டலத்திலும் ஒரே நிறங்களில், ஒரே அளவாகக் கடுகு போன்ற கண்ணாடிப் பாசிமணிகள். கூடவே ஒரு சொல். ஒரு மாதம் 'தீ'. ஒரு மாதம் 'கோயில் ஜன்னல்'. அந்தச் சொல்லை அந்த மணிகளால் ஒரு நகையாக்கிக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கி எதையும் சேர்க்கக் கூடாது, ஒரு மணியும் மிச்சம் இருக்கக் கூடாது. அடுத்த மாதம் எல்லாவற்றையும் சபைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்துப் பெயரில்லாமல் மாட்டுவார்கள். எல்லோரும் பார்த்து, நல்லதும் கெட்டதும் பேசி முடித்த பிறகுதான் செய்தவள் எழுந்து "என்னுது" என்று சொல்லலாம். பரிசு ஒன்றும் கிடையாது. அதிகம் பேருக்குப் பிடித்ததைச் செய்தவள் அடுத்த மாதத்துக்கான சொல்லைச் சொல்வாள். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை அநேக மாதங்கள் என் மனைவிதான் சொன்னாள். 'தீ' வந்தபோது மற்றவர்கள் சிவப்பை வெளியே அள்ளிக் கொட்டியிருந்தார்கள். இவள் கறுப்பு மணியில் ஒரு கழுத்துப்பட்டி பின்னி, சிவப்பையெல்லாம் உள்பக்கம் வைத்தாள். போட்டுக்கொள்கிறவளுக்கு மட்டும் தெரிகிற தீ. ஒரு தடவை 'கல்யாண வீட்டு அடுப்பு' என்று ஒரு சொல் கொடுத்து அத்தனை பேரையும் திண்டாட வைத்தாள். தெருவில் என்னை "மணி வேலை செய்யிற அம்மாவோட வீட்டுக்காரர்" என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில், இது புரை இல்லை, நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, அறுத்து எடுக்க ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டே வருடத்தில், ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. சமையலைக் கை பழகிக்கொண்டது. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பதற்கு அவளுக்குக் கண் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. மணி வேலைதான் சிக்கலாயிற்று. ஊசியில் கோர்ப்பதைத் தொட்டே செய்துவிடுவாள். நிறம் மட்டும் விரலுக்குத் தெரியாது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கயிறு மாதிரி உருண்டையாகப் பின்னுகிற மாலைக்கு, முதலில் எல்லா மணியையும் வரிசைப்படி ஒரே நூலில் கோர்த்துவிட வேண்டும். பிறகு கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பின்ன வேண்டும். கடைசியாகக் கோர்த்தது முதலில் வரும். ஆகையால் வரிசையைத் தலைகீழாகக் கோர்க்க வேண்டும். அவள் மனசுக்குள் வடிவத்தைப் போட்டுச் சொல்லச் சொல்ல, நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதி முடித்ததும் கடைசி வரியிலிருந்து மேலே பார்த்து வாசிப்பேன். "அஞ்சு நீலம், ஒரு வெள்ளை." அவள் அதைத் திருப்பிச் சொல்லி, இடது கைப்பக்கத் தட்டிலிருந்து ஐந்து, வலதிலிருந்து ஒன்று எடுத்துக் கோர்ப்பாள். கோர்த்து முடித்துவிட்டால் பின்னுவதற்கு நான் வேண்டாம். இருட்டிலும் பின்னுவாள்.

முதல் சில மாதங்கள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்துபோயிற்று. டிராயிங் மாஸ்டர் என்னைக் கண்டாலே, "வாங்க, வளையல்காரரே! வியாபாரம் எப்படிப் போவுது?" என்பார். இன்னொருவர், "சார் பரீட்சைப் பேப்பரைக்கூட ஊசியில கோத்துத்தான் கட்டுவாராம்" என்பார். நானும் சிரித்துவைப்பேன். சாயங்காலம் மைதானத்தில் அவர்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நீலமும் வெள்ளையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணுக்காக நான் வருத்தப்பட்டேன் என்பது உண்மை. அவள் இந்த வேலையை விட்டுத் தொலைத்தால் தேவலை என்று நினைத்ததும் உண்மை.

அந்த மாதத்துச் சொல் 'மழை'. அவள் நூற்று நாற்பது வரி சொன்னாள். நீலக் கயிற்றில் வெள்ளைக் கோடு நூலாக இறங்கும். நடுவில் அறுந்து சொட்டுச் சொட்டாகும். கடைசியில் ஒரே ஒரு சொட்டு. எழுதும்போதே எனக்கு அது அழகென்று புரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சு ஒன்று மனசில் குத்திக்கொண்டிருந்தது. நோட்டில் ஐந்து என்று இருந்தது. நான் "ஏழு நீலம், ஒரு வெள்ளை" என்றேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "ஏழா? அஞ்சு இல்ல?"

"ஏழுதான். நீ சொன்னதுதானே எழுதியிருக்கேன். மறந்துட்டியா?"

"அப்படியா சொன்னேன்?" என்றாள். பிறகு ஏழு நீலத்தைக் கோர்த்தாள்.

அடுத்த வரியில் மூன்று என்றேன். கணக்கு வாத்தியார் அல்லவா? ஒரு இடத்தில் இரண்டு கூட்டினால் இன்னொரு இடத்தில் இரண்டு குறைத்தேன். ஒரு மணியும் மிச்சம் இருக்கக் கூடாது என்பது விதி. மணி மிஞ்சினால் அவள் சந்தேகப்படுவாள். அந்த வாரம் முழுக்க அப்படியே வாசித்தேன். இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "நீ சொன்னதுதான்" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கடைசியில் தட்டு இரண்டும் காலியாக இருப்பதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிவர நான் கூடத்து வாசலில் நின்றிருந்தேன். சுவரில் பன்னிரண்டு மழைகள் தொங்கின. பெண்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இது என்னடி? வெள்ளையடிக்கிறவன் கையை உதறின மாதிரி!"

"எந்த வீட்டுக் குழந்தை கையில பொட்டலத்தைக் குடுத்தாங்களோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். யாருடைய மாலையைச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வரிசை முடிந்து ஒவ்வொருத்தியாக எழுந்து "என்னுது" என்றார்கள். இவள் முறை வந்தது. எழுந்து, "என்னுது கயிறு மாதிரி இருக்கும், நீலம்" என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறுவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

ஐயரம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லம்மா. இனிமே நீங்க சிரமப்பட வேணாம். சும்மா வந்து எங்களோட பேசிக்கிட்டு உட்காருங்க, போதும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "கண்ணு போச்சு, சரி. புத்தியும் போகுதுங்க. நானே சொன்ன கணக்கு எனக்கே நிக்கல" என்றாள். அந்த நிமிஷம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். "காப்பி போடட்டுமா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மணி வேலையை மட்டும் விடுவாள் என்று நினைத்தேன். அவள் தன்னையே விட்டுவிட்டாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தது. இரண்டு தடவை போட்டாள், பிறகு போடவே பயந்தாள். ஆர்மோனியத்தில் ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டாள். விரல் சரியான கட்டையில்தான் இருந்தது. "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று இறங்கி வந்தவள் மறுபடி ஏறவில்லை. கிணற்றடிக்கு எத்தனை அடி என்று எண்ணிப் போகிறவள், எண்ணிக்கை தப்பும் என்று போவதையே நிறுத்தினாள். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாள். இன்று என்ன கிழமை, விளக்கை அணைத்தேனா, இதை முன்னாலேயே சொல்லிவிட்டேனா? "நீங்க சொன்னா சரிதான்" என்பாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழுசா புத்தி கெட்டுப்போனா என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில விட்டுடாதீங்க" என்று கெஞ்சினாள். அன்றும் நான் சொல்லவில்லை. வெட்கம் என்று ஒரு சொல் இருக்கிறது. அது போதாது.

சொல்வதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். ஐயரம்மா பாசிமணி வாங்குகிற சாயபு கடையில் 'மழை' மாதத்து மணி கொஞ்சம் மீதி இருந்தது, வாங்கி வந்தேன். எங்கள் பள்ளித் தையல் டீச்சரிடம் கொக்கி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். நோட்டில் உள்ளபடியே கோர்த்து, மத்தியான இடைவேளைகளில் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பின்னினேன். டிராயிங் மாஸ்டர் பார்த்தார். இந்தத் தடவை கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போனார். நான்கு மாதமாயிற்று. முரடாகத்தான் வந்தது, ஆனால் கோடு இறங்கியது, அறுந்தது, கடைசிச் சொட்டும் விழுந்தது. அப்படியென்றால் அவள் மனசில் போட்ட கணக்கில் ஒரு மணிகூடப் பிசகவில்லை.

அதை அவள் மடியில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு, மூன்று, கூட்டியது, குறைத்தது. பழைய மாலையையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் கை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நீங்க அப்படிச் செய்யிற ஆளு இல்லங்க. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க" என்றாள்.

"சத்தியமாச் சொல்றேன்."

"எது சரி, எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லித்தானே?" என்று சிரித்தாள். "ஆனாலும் எனக்காகப் பின்னக் கத்துக்கிட்டீங்களே!"

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஐயரம்மாவிடம் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயரம்மா முதலில் நோட்டை வாசித்தார். கடைசி வரியிலிருந்து மேலே. "அஞ்சு நீலம், ஒரு வெள்ளை." அவள் உதடு கூடவே அசைந்தது. பிறகு பழைய மாலையைக் கையில் எடுத்து, நுனியிலிருந்து மணி மணியாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்சம் எண்ணியதும் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். "ஏழு நீலம், ஒரு வெள்ளை. அப்புறம் மூணு நீலம்."

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். "நான் கேட்டேன்," என்றாள். "ஏழா, அஞ்சு இல்லயான்னு கேட்டேன்."

"கேட்டே" என்றேன்.

"மறந்துட்டியான்னு சொன்னீங்க."

அதற்குமேல் என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஐயரம்மா அழுதார். அவள் அழவில்லை. சமையலறைக்குப் போய், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, கொதிக்கிற குழம்பில் ஒரே தடவை உப்புப் போட்டு மூடினாள்.

அடுத்த மாதம் பொட்டலம் வாங்கப் போனாள். ஆர்மோனியத்துக்கும் திரும்பினாள். இரண்டு வீடு தள்ளியிருந்த நர்ஸ் ஒருத்தி, சாயங்காலம் வந்து நிறம் சொன்னாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னொரு குரல் சொல்லும். இவள் திருப்பிச் சொல்லுவாள். நடுவில் இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பார்கள்.

என்னைத் திட்டவில்லை. சோறு போட்டாள், காய்ச்சலில் கால் பிடித்துவிட்டாள், "ஏங்க" என்று முன்போலவே கூப்பிட்டாள். ஆனால் தபால் வந்தால் நர்ஸ் வரும்வரை தலையணைக்கடியில் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும்போது, மனப்பாடமாகத் தெரிந்த அந்த வசனங்களை முன் பெஞ்சில் உட்கார்ந்து என் கூடவே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வருவாள், சொல்லுக்குச் சொல் சரிபார்த்துக்கொண்டு. மூன்று ஞாயிறு பொறுத்தேன். பிறகு வேதபாடம் வாசிப்பதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன், பல தடவை. "அதான் மன்னிச்சுட்டேனே" என்பாள். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். கடைசி வருடத்தில் ஒரு சாயங்காலம் முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓசையே இல்லாத பூந்தூறல் ஆரம்பித்தது.

"மழை வருது" என்றேன்.

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.