உதைக்காத ஈக்கள்

லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் நான் செய்த ஆராய்ச்சி, ஈக்களின் கல்யாணத்தைப் பற்றியது. பழ ஈக்களில் இரண்டு பங்காளி இனங்கள். பார்வைக்கு ஒரே அச்சு. ஆனால் ஒன்றின் ஆண் இறக்கையை அதிரவிட்டுப் பாடிக்கொண்டு போனால், மற்றதன் பெண் பின்னங்காலால் உதைத்துத் தள்ளிவிடும். தப்பித்தவறிச் சேர்ந்தாலும் பிறக்கிற ஆண்கள் மலடு. பெண்கள் மலடல்ல, அவற்றின் வழியாகத்தான் ஓர் இனத்தின் குரோமோசோம் துண்டுகளை மற்றதற்குள் தலைமுறை தலைமுறையாக ஏற்றினோம். எந்தத் துண்டை மாற்றினால் பெண் உதைப்பதை நிறுத்துகிறது என்று தெரிந்தால், அந்த மறுப்பு எந்த ஜீனில் இருக்கிறது என்பதை நெருங்கிவிடலாம்.

உழவர்கரை வீட்டில் அப்பா கெடு வைத்திருந்தார். “கார்த்திகைக்குள்ள ஏதாச்சும் தேறுச்சுன்னா மேல படி. இல்லன்னா தையில கல்யாணம்.” மாப்பிள்ளையும் தயார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, முகமே சரியாக மனதில் நிற்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், ஒரு குப்பியில் பெண்கள் உதைக்கவில்லை. அடுத்த குப்பியிலும் உதைக்கவில்லை. கூட வேலை பார்த்த தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போய் வீட்டில் சொன்னேன். அப்பா “பரவால்லியே” என்றார். சில நாள் நான் மனுஷியாக நடமாடினேன்.

பிறகு பேராசிரியர் அன்று புதிதாக வைத்த குப்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார். “இதுங்க கூட்டுப்புழுக் கூட்ட விட்டு வெளிய வந்து எத்தினி நாளாச்சும்மா?”

அன்று காலைதான் வந்திருந்தன. எங்கள் சோதனைக்குப் பெண் ஈ கன்னியாக இருக்க வேண்டும், ஏற்கெனவே சேர்ந்திருந்தால் எல்லாம் வீண். முன்பு ஒரு தடவை அப்படி வீணான பயத்தில், தோழியும் நானும் ஒவ்வொரு குப்பிக்கும் வெளியே வந்த கையோடு எடுத்து ஆணோடு விட்டிருந்தோம். கன்னியா கன்னியா என்று பார்த்தோமே தவிர, வயதுக்கு வந்ததா என்று பார்க்கவில்லை. இறக்கைகூடச் சரியாக விரியாத ஈக்கு உதைக்கத் தெம்பேது?

வளரவிட்டு மறுபடி சேர்த்தோம். அத்தனையும் உதைத்தன. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பாழாய்ப்போன ஈக்கள்மேல் பொறாமையாகவும் இருந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. “அப்ப தைதான்” என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்று அவ்வளவு அசதி. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் அம்மா மாப்பிள்ளை வீட்டாரோடு போனில் பேசுவது கேட்டது.

“பொண்ணு மறுப்பு ஒண்ணும் சொல்லலீங்க. அவளுக்கும் சம்மதந்தான்.”