மூன்றாம் மாடிக்குப் போன வயர்

லிஃப்டை அவர் அணைக்கவே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற பைத்தியத்தில் பெண்டாட்டியைப் படியேறவிட்டுச் சாகடித்தவன் என்று கீழ்த்தளத்திலிருந்து ஐந்தாம் மாடி வரைக்கும் பேசுகிறார்களே, அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. பேசுகிறவர்களுக்கு நாக்கா வலிக்கப்போகிறது, பேசட்டும்.

விளக்கணைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அதை யார் இல்லையென்றது? ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்கு உடம்பில் முள் குத்தும். குடியிருப்புச் சின்னதுகள் எல்லாம் அவரை 'ஆஃப் மாமா' என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷம் அனல்மின் நிலையத்தில் சாம்பல் வாரியவர். நிலக்கரி எரிந்த சாம்பலை வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி உதறினால் தரையில் சாம்பலில் இன்னொரு சட்டை கிடக்கும். அதைத் தினமும் உதறித் துவைத்தே அவர் வீட்டுக்காரிக்கு நெஞ்சு கெட்டது. ஒரு பேச்சை முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவாள். 'ஒரு லைட்டு சும்மா எரிஞ்சா எவனோ ஒருத்தன் ஒரு கூடை சாம்பல் வாரணும்' என்று அவர் சொன்னதற்குப் பெயர் கஞ்சத்தனமா?

ஓய்வு பெற்றதும் இந்தக் குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வந்தார். வீடு வீடாகப் படியேறி, கெஞ்சி, திட்டு வாங்கி, மொட்டைமாடியில் சோலார் தகடுகள் போட வைத்தார். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். அப்போது லிஃப்டும் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் தகடுகள் நிரப்பிய பேட்டரியில் ஓடும். வீடுகளுக்கு அதிலிருந்து ஒரு பல்புகூடக் கிடையாது. அது அவர் போட்ட சட்டம்.

மொட்டைமாடியிலேயே அவருக்கு ஒற்றை அறை கொடுத்தார்கள். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் தயங்கினாள்.

"லிஃப்ட்டு என் கையில இருக்கு. நீ ஏன் பயப்படுற?" என்றார்.

"உங்க கைதானே பயம்," என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். அதுவும் அவள் சொல்லி. மூன்றாம் மாடிக்காரியின் மாமியார் போன கோடையில் புழுக்கம் தாங்காமல் துடித்தாள்.

"மூச்சு முட்டுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியுங்க. ஒரு வாரத்துக்கு அவங்க ஏசிக்கு லைன் குடுங்க."

தன் கையாலேயே பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். கிழவி தேறி, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வயர் மட்டும் போகவில்லை. இரண்டு தடவை கேட்டார். "இருக்கட்டும்ணே, சூரியன் சும்மாதானே குடுக்குது," என்றாள் மூன்றாம் மாடிக்காரி. மூன்றாம் தடவை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவரிடம் தப்பு உண்டென்றால் அது இதுதான்.

மூச்சிரைப்பு அதிகமாகி அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இருவரும் திரும்பிய சாயங்காலம், கரண்ட் போயிருந்தது. லிஃப்ட் பட்டனை அழுத்தினார். அசையவில்லை. அவளை முதல் படியில் உட்காரவைத்துவிட்டு மேலே ஓடினார். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. வயரில் இன்னும் சூடு ஆறவில்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள். பூட்டின வீட்டுக்குள் ஏசி அத்தனை நேரமும் வெறும் கட்டிலைக் குளிர வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினால், மூன்றாம் மாடிப் படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"உன்னை யாரு ஏறச் சொன்னா?"

"இருட்டுல ஓடுனீங்களே... விழுந்துடுவீங்களோன்னு..."

அவர் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். எதிரே பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட எதுவும்... கேட்டுடாதீங்க. குடுக்கச் சொன்னது... நான்தானே."

மறுநாள் காலை அவள் இல்லை.

கல்யாணத்திலிருந்து திரும்பிய மூன்றாம் மாடிக்காரிதான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். லிஃப்டை அவர்தான் அணைத்திருப்பார் என்று முதலில் வாயெடுத்ததும் அவள்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் செத்தவள் பேச்சைத் தாண்ட வேண்டும். அவளைச் சுமந்து இறக்கிய அந்தப் படிகளில் ஒரு மாதம் ஏறி இறங்கினார். லிஃப்டைத் தொடவில்லை. அதற்குமேல் முடியவில்லை.

பையோடு அவர் இறங்கி வந்த காலையில் மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.

"கிளம்பிட்டீங்களாண்ணே? அந்த ஏசி வயர் ஒரு மாசமா வேலை செய்யல. போறதுக்குள்ள மாட்டிக் குடுத்துட்டுப் போங்களேன்."

வயர் அவர் பைக்குள், செத்தவளின் சால்வைக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

"அது இனிமே உதவாதும்மா," என்றார்.

கீழே, பட்டப்பகலில் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார். திரும்பி வந்து அணைத்தார். "போற நேரத்துலயும் புத்தி போகுதா பாரு," என்று மேலேயிருந்து யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.