அம்மணி அக்கா போட்ட கையெழுத்து

கொட்டச்சேட்டில் யார் வீட்டைச் சோதனை போட வந்தாலும் போலீஸ் ஜீப் முதலில் அம்மணி அக்காவின் இட்லிக் கடை முன்னால்தான் நிற்கும். சோதனைக்கு உள்ளூரில் மரியாதைக்குரிய இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டுமாம். ஒருவர் அக்கா. எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் பாவத்துக்கு இன்னொருவன் நான். என் சாட்சி எல்லாம் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடி வருவதுதான். அக்கா அப்படியில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாரண்டில் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்தும் சீலும் இருக்கிறதா என்று பார்ப்பாள். உள்ளே போகுமுன் போலீஸ்காரர்களையே பாக்கெட்டைக் காட்டச் சொல்வாள்.

"நீங்களே கொண்டாந்து வெச்சீங்கன்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லிப்போட்டா, உங்களுக்குத்தானுங்க கெட்ட பேரு?"

ஒருமுறை ஒரு பாக்கெட்டிலிருந்து அவள் கடை வடையே வெளியே வந்தது.

போன தை மாதம் பக்கத்து எஸ்டேட் குடோனில் இரண்டு மூட்டை மிளகு காணாமல் போனது. யாரோ வேடியப்பன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷமாக அதே எஸ்டேட்டில் வேலை செய்கிற மனுஷன். வழக்கு என்று வந்தால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அவர் மனைவி சென்னம்மாளுக்கும் அக்காவுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. "அவ திருடி" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அக்கா சொல்லாத நாளில்லை. அதனால் வாரண்டோடு ஜீப் வந்ததும் ஊரே கூடிவிட்டது. பொய் சொல்வானேன், நானும் கொஞ்சம் ஆசையாகத்தான் போனேன்.

பாக்கெட் சோதனை முடிந்தது. வசந்த் என்ற கான்ஸ்டபிள் செல்போனில் வீடியோ எடுக்க, புது எஸ்.ஐ. கட்டிலுக்கு அடியில், விறகுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள் எல்லாம் தேடினார். மிளகு அஞ்சறைப்பெட்டியில் மட்டும் இருந்தது, ரெண்டு நாள் ரசத்துக்கு ஆகும். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற கவலை எஸ்.ஐ. முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் இன்னொரு கான்ஸ்டபிள் பரண்மேலிருந்து ஒரு எவர்சில்வர் குண்டாவை இறக்கினார். நம் ஊரில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? விளிம்பில் பளிச்சென்று இருந்தது: அம்மணி, கொட்டச்சேடு.

சண்டைக்குக் காரணமே அந்தக் குண்டாதான். இரவல் வாங்கிய சென்னம்மாள், திருப்பிக் கொடுத்துவிட்டதாக அன்று சத்தியம் செய்திருந்தாள். இப்போது சுவரில் சாய்ந்து அழுதாள். "குடுத்துட்டேன்னுதானுங்க நெனச்சுட்டிருந்தேன்..."

எஸ்.ஐ. முகம் மலர்ந்தது. "திருடி திருடின்னு நீங்க சொல்றது ஊருக்கே தெரியுமேம்மா. அதையே சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

அக்கா குண்டாவை வாங்கிப் பெயரைத் தடவிப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்த புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க சார், வாரண்டுல மிளகுன்னுதானுங்க போட்டிருக்குது?"

"திருட்டுப் பொருள்னு சந்தேகம் வந்தா இதையும் எடுக்கலாம்."

"சந்தேகமே வேண்டாமுங்க. என் கையால இரவல் குடுத்தது. திருப்பித் தரல. அவ்வளவுதானுங்க."

"அப்ப நாலு வருஷமா திருடின்னு சொன்னது?"

அக்காவின் முகம் கறுத்தது. செல்போன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, வாசலில் ஊரும்தான்.

"அது கோவத்துல வாயில சொன்னதுங்க. கையெழுத்துப் போட்டுச் சொல்ல மாட்டேனுங்க."

எதுவும் கைப்பற்றவில்லை என்று கூட வந்த ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அன்றுதான் நானும் முதல்முறையாகப் படித்துப் பார்த்துப் போட்டேன். வேடியப்பன் அதன் நகலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜீப் போனதும் அக்கா மெதுவாகச் சென்னம்மாள் பக்கம் திரும்பினாள்.

"போலீஸப் பாத்து நொம்பப் பயந்துட்டியா புள்ள?"

"போலீசுக்கு என்னத்துக்குங்க அக்கா பயப்படறேன், நாங்கதான் எதையும் எடுக்கலியே. சாட்சின்னு நீங்க ஊட்டுக்குள்ள வந்தீங்களே, அப்பத்தானுங்க எனக்கு உசுரே போச்சு."