மரண அறிவிப்பின் மறுபாதி

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் விற்றவர், என் முதலாளி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லோரியில் கிளீனராகப் போனேன், பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை கூட்டினேன். புரோகிராம் எழுதக் கற்றது, பழுதுக்கு வந்த கம்ப்யூட்டர்களோடு வந்த கையேடுகளைப் படித்துத்தான். கடைக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய அறையில் படுக்கை. சாப்பாடு சில நாள் உண்டு, சில நாள் இல்லை.

கடையின் பெரிய வாடிக்கையாளர் ஒரு தமிழ் நாளிதழ். தமிழில் அடிக்க அவர்களுக்கு ஓர் எடிட்டர் புரோகிராம் கொடுத்திருந்தோம். கிள்ளான் கிளையில் வாங்கும் மரண அறிவிப்புகள் மோடம் வழியாக, டெலிபோன் கம்பியில் ஓடி, பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தின் திரைக்கு வரும். பெயருக்கு ஒரு குறி, முகவரிக்கு ஒரு குறி, உடல் வீட்டிலிருந்து புறப்படும் நேரத்துக்கு ஒரு குறி, கடைசியில் முடிவுக் குறி. இந்தக் குறிகளைப் படித்து, எது என்ன என்று பிரித்து, கறுப்புக் கட்டம் கட்டிக் காட்டும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அதை முதலாளியே எழுதியிருந்தார்.

டெலிபோனில் வருவது துண்டு துண்டாகத்தான் வரும். எந்த இடத்தில் வெட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலாளியின் பார்சரோ வந்த துண்டையே முழு அறிவிப்பு என்று நம்பியது. முடிவுக் குறி இல்லையென்றால் தானே ஒன்றைப் போட்டுக் கட்டத்தை மூடிவிடும். மீதி பிறகு வந்தால், தலை இல்லாத வரி என்று தூக்கிப் போட்டுவிடும்.

கிள்ளான் கிளையில் இருந்தது ஒரே டெலிபோன். அறிவிப்பு கொடுக்கிறவர்களும் அதே நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். அதனால் அங்கே டைப் அடித்த அக்கா பாதி அனுப்புவார், லைனை வெட்டிக் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார், வந்த அழைப்புகளைப் பேசி முடித்துவிட்டு மறுபடி டயல் செய்து விட்ட இடத்திலிருந்து அனுப்புவார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேறு எப்படிச் செய்வார்?

ஒரு நாள் காலையில் ஒரு பெண் அந்த நாளிதழின் முந்தின நாள் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அச்சகத்தில் போய்க் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கேள் என்று அனுப்பிவிட்டார்களாம். பேப்பரை மேசையில் விரித்தார்.

"இதுல டைம் எங்க?"

"லைன் பிரச்சனை லா ஆன்டி. மழை பெஞ்சா அப்படித்தான்" என்றார் முதலாளி.

"மழையா? எங்கப்பாவ மத்தியானமே எடுத்துட்டாங்க. நான் சாயந்தரம்னு நெனச்சி அம்பாங்லேர்ந்து பஸ் ஏறிப் போறேன், அங்க கூடாரத்தப் பிரிச்சிக்கிட்டு இருக்காங்க."

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"கேக்குற மாதிரி இருந்தா உங்க பேப்பர நான் ஏன் பாக்குறேன்?"

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை. அப்பா போனதைக்கூட யாரும் சொல்லவில்லை. பேப்பர்தான் சொன்னது. அதுவும் பாதி சொன்னது.

அவர் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கதான் இதச் செய்றவரா? இன்னொருத்தருக்கு இப்படி ஆகாதுன்னு சொல்லுங்க" என்றார்.

"ஆகாதுக்கா" என்றேன்.

அவர் படி இறங்கியதும் முதலாளி சிரித்தார். "வாக்கு குடுக்குறாரு பாரு, எம்.பி. மாதிரி. எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

அந்தச் சிரிப்புதான் என்னை உட்கார வைத்தது. பார்சரை முதலிலிருந்து எழுதினேன். கையில் கிடைத்ததைப் படித்து, படித்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு நின்றுவிடும். அடுத்த துண்டு எப்போது வந்தாலும் அந்த நிலையிலிருந்தே தொடரும். லைன் வெட்டினாலும் மறக்காது. கேட்டால் மூன்றில் ஒரு பதில் சொல்லும்: முடிந்தது, தவறு, இன்னும் வரவில்லை. முதலாளியின் பார்சருக்கு மூன்றாவது பதிலே தெரியாது. மீதி வந்துகொண்டிருக்கும்போதே அச்சகத்துக்காரர் மேலே ஒரு வரியைத் திருத்தினால், எல்லாவற்றையும் திரும்பப் படிக்காமல், ஒவ்வொரு குறியிலும் குறித்துவைத்த நிலைகளில் திருத்தத்துக்கு முந்தையதை எடுத்து அங்கிருந்து மட்டும் படிக்கும். முடியாத அறிவிப்பைத் திரையில் கீழ்க்கோடு இல்லாமல் திறந்த கட்டமாகக் காட்டும். அச்சுக்கு விடாது.

மோடத்தைப் பற்றியோ மரணத்தைப் பற்றியோ அதற்கு எதுவும் தெரியாதபடி எழுதினேன். எழுத்துகளை யார் ஊட்டினாலும் வாங்கிக்கொள்ளும். குறிகளை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். காரணம் இருந்தது. பங்சாரில் ஒரு டிக்கெட் ஏஜென்சிக்கும், பெட்டாலிங் ஜெயாவில் எடைமெஷினிலிருந்து கம்பியில் எண்களை வாங்கிய ஒரு தொழிற்சாலைக்கும் முதலாளி அதே ஓட்டைப் பார்சரை நகலெடுத்துக் கொடுத்திருந்தார்.

"பேப்பருக்கு மட்டும் ஒட்டுப் போட்டுக் குடு. பொதுவா எதுக்கு? மத்தவங்க கேட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க பாஸ். அவங்களுக்கு வராதது வரலைன்னே தெரியாது."

"தெரியலைன்னா பிரச்சனையே இல்லையே லா!"

இந்தப் பதிலை நான் எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். பாதுகாப்புச் சங்கிலி இல்லாத லோரியிலும் இதே பதில்தான் சொன்னார்கள்.

அச்சகத்தில் காட்டும் நாள் வந்தது. கிள்ளான் அக்கா வழக்கம்போலப் பாதியில் லைனை வெட்டினார். திரையில் கட்டம் திறந்தபடி நின்றது. மேலாளர் அச்சு விசையைத் தட்டினார். 'இன்னும் வரவில்லை' என்றது.

"என்னய்யா, புதுசு பழசவிட மோசமா இருக்கு?"

முதலாளி என் காதோரம், "அத ஆஃப் பண்ணுடா, மானம் போகுது" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் மோடம் கீச்சிட்டது. மீதி வந்து, விட்ட எழுத்திலிருந்தே சேர்ந்துகொண்டது. முகவரி, நேரம், கீழ்க்கோடு. பக்கம் கட்டுகிற அண்ணன் மட்டும், "இது நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்றார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த மாதமே முதலாளி என்னை அனுப்பிவிட்டார். சொன்னதைச் செய்யாதவனாம். நான் கிள்ளானுக்கே திரும்பி ஒரு மின்சாமான் கடையில் சேர்ந்தேன். காலையில் சாப்பாட்டுக் கடையில் அந்தப் பேப்பரை எடுத்தால் மரண அறிவிப்புகளைத்தான் முதலில் பார்ப்பேன். பெயரைப் படிக்க மாட்டேன். நேரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

ஒரு காலையில் இல்லை. படம் இருந்தது, முகவரி இருந்தது, கட்டம் நாலு பக்கமும் அழகாக மூடியிருந்தது.

நேராகக் கிளைக்குப் போனேன். "நான் முழுசாத்தான் அனுப்பினேன் தம்பி, ரெண்டு வாட்டியா" என்றார் அக்கா. அவருடைய டெலிபோனிலிருந்தே பழைய முதலாளியைக் கூப்பிட்டேன்.

"அந்த 'இன்னும் வரவில்லை'ய எடுத்துட்டீங்களா?"

"கஸ்டமர் கேட்டாங்க. பிரிண்ட் நிக்குதாம். இப்ப கட்டம் திறந்திருந்தா அதுவே மூடிக்கும்."

"அன்னிக்கு படியேறி வந்த அந்தம்மாகிட்ட இனி ஆகாதுன்னு சொன்னேனே பாஸ்."

"நீதானே சொன்ன, நான் சொல்லலையே லா" என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பார்சர் என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. "அப்ப நான் வெட்டக் கூடாது, அவ்ளோதானே?" என்றார். அன்றிலிருந்து முழுதும் போய்ச் சேரும்வரை அவர் லைனை விடவில்லை. அழைத்தவர்களுக்கு எங்கேஜ்ட் சத்தம்தான். கிடைக்காதவர்கள் நேரில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, "போன எடுக்க என்ன கேடு உனக்கு? தூங்குறியா?" என்று கத்துவார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அங்கே புரோகிராமில் ஒரு வரியை அணைத்தார்கள். அதன் வேலையை இங்கே ஒரு மனுஷி திட்டு வாங்கிக்கொண்டு செய்தார்.